பால்சீனி காய்ச்சிய விடுமுறை

குமரேசன் என்னிடம் படித்தவன். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அதே வேதியியல் துறையில், இளங்கலை மாணவர்களுக்கு ஆராய்ச்சி வாய்ப்பு ஏற்பாடு செய்யும் பொறுப்பு இப்போது அவனுடையது. போன மாதம் ஓர் அறிவிப்புத் தாளோடு வீட்டுக்கு வந்தான். ரப்பர் ஆலைக் கழிவு நீரிலிருந்து உபயோகமான பொருள் எதையாவது பிரித்தெடுக்க முடியுமா என்று பார்க்க மாணவர்கள் வேண்டுமாம். செலவை ஒரு கம்பெனி ஏற்றுக்கொள்கிறதாம்.

“எந்தக் கம்பெனி? அவங்களுக்கு எதுக்கு இது?” என்று கேட்டேன்.

“மேடம், நீங்க மாறவே இல்லலா,” என்று சிரித்தான். “நீங்க ஸ்டூடண்டா இருந்தப்ப இதே வேலையத்தான் செஞ்சேன்னு ஒருதடவ சொன்னீங்க. தேடிப் பார்த்தேன். அது எங்கயுமே அச்சாகலியே, ஏன்?”

வாயால் சொன்னால் பாதியில் கோபம் வந்துவிடும், எழுதியே தருகிறேன் என்று அவனை அனுப்பிவைத்தேன்.

நான் கிள்ளானில் பிறந்தவள். அப்பா துறைமுகத்தில் கிராணி, கணக்கு எழுதுகிறவர். வேதியியல் படிக்கச் சிங்கப்பூருக்குப் போனபோது எங்கள் வகுப்பில் பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். படித்த கதையையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கப் போவதில்லை. டாக்டர் பென்டனைப் பற்றி மட்டும் சொல்லவேண்டும். ஒல்லியான வெள்ளைக்காரர். கழுத்து டையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார். நாம் ஒரு விடையைக் கொண்டுபோய் நீட்டினால் விடையைப் பார்க்கமாட்டார். நாம் கழுவி வைத்த கண்ணாடிக் குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிறகு ஒரே வார்த்தைதான்: “மறுபடி.” ஒருமுறை என் விடை புத்தகத்தில் உள்ளதோடு அச்சு அசலாகப் பொருந்தியது. ரொம்பச் சந்தோஷமாகக் கொண்டுபோனேன். அன்றைக்குத்தான் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தப்பான விடையைக்கூட மன்னிப்பார். அழகான விடையை நம்பவே மாட்டார். அந்த வியாதி எனக்கும் தொற்றிக்கொண்டது. என் கணவர் சாகும்வரை அதைச் சொல்லிக் குறைபட்டுக்கொண்டார்.

அந்தக் காலத்தில் மாணவர்களுக்கு ஆராய்ச்சி வாய்ப்பு என்று தனியாக ஒன்றும் கிடையாது. டாக்டர் பென்டன் நீண்ட விடுமுறைக்கு முன்னால் பலகையில் ஒரு துண்டுத் தாளைக் குத்தி வைப்பார். அந்த வருடத் தாளில் இருந்தது இதுதான்: தோட்டத்தில் ரப்பர் பாலை ஆசிட் ஊற்றி உறையவைத்து, கட்டியைத் தகடாக எடுத்த பிறகு தங்கும் தண்ணீரைச் சாக்கடையில் விட்டுவிடுகிறார்கள். அந்தத் தண்ணீரில் சர்க்கரைபோல இனிக்கும் ஒரு பொருள் கொஞ்சம் இருக்கிறது. தோட்டத்திலேயே இருந்து அதைக் காய்ச்சிப் பிரித்தெடுத்து வர யார் தயார்? பையன்கள் ஒருவரும் முன்வரவில்லை. வெள்ளைக்கார அரசாங்கத்தை எதிர்த்துக் காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலம் அது. தோட்டத்துத் துரைமார்களைச் சுட்டார்கள், பஸ்களைக் கொளுத்தினார்கள் என்று தினமும் செய்தி வந்துகொண்டிருந்த நேரம். கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் என் தாய்மாமா டிரசராக, கட்டுப்போட்டு மருந்து கொடுப்பவராக, இருந்தார். நான் கையைத் தூக்கினேன்.

ஈஜோக் முச்சந்தியில் சிப்பாய்கள் பஸ்ஸை நிறுத்தி என் பெட்டியைத் திறந்தார்கள். நீலத் தண்ணீர் புட்டி ஒன்று, நிறமில்லாத புட்டி ஒன்று, சின்னத் தராசு, கண்ணாடிக் குழாய்கள். பல்கலைக்கழகத்துக் கடிதத்தைக் காட்டினேன். ஒரு சிப்பாய் கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, நீலப் புட்டியைத் திறந்து முகர்ந்தான். பஸ்ஸில் இருந்த எல்லோரும் என்னை விட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள்.

தோட்டம் அதைவிட மோசம். தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி, ஒரே ஒரு கேட், அங்கே துப்பாக்கியோடு காவல். பாலை உறையவைத்துத் தகடு போடும் ரப்பர் ஸ்டோரும் ஆஸ்பத்திரியும் வேலிக்குள்ளேயே இருந்தன. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து மரங்களில் பால் வெட்டப் போகிறவர்கள் ஒவ்வொருவராக நின்று சோதனை கொடுத்துவிட்டுத்தான் வெளியே போகவேண்டும். ஒரு பிடி அரிசி, ஒரு சிட்டிகை சீனி வெளியே போகக்கூடாது. காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். புட்டியில் பாலில்லாத வரக்கோப்பி கொண்டுபோகலாம், ஆனால் சீனி போடாமல். காவல்காரன் ஒரு மடக்குக் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் விடுவான். நாள் பூராவும் மரத்துக்கு மரம் ஓடுகிறவர்கள் அந்தக் கசப்பைக் குடித்துவிட்டு வேலை செய்தார்கள். பெயருக்கு மட்டும் அளந்து கொடுத்த சீனி, குழந்தைகளுக்கே காணாது.

தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை எனக்கு ஸ்டோருக்குப் பின்னால் ஒரு அடுப்பும், ஒரு பெரிய அலுமினியத் தாழியும், கிளறிக்கொடுக்க அஞ்சலை என்ற பெண்ணையும் கொடுத்தார். அஞ்சலை காலையில் மற்றவர்களோடு பால் வெட்டிவிட்டு, மதியத்துக்கு மேல் ஸ்டோருக்கு வருவாள். முப்பது வயதைத் தாண்டியவள். இரண்டு பெண் குழந்தைகள். புருஷனும் பால் வெட்டுகிறவன். முதல் இரண்டு நாள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் நாள்தான் கேட்டாள்.

“பாப்பா, நெசமாச் சொல்லுங்க. நீங்க மாத்தா ஆளா?”

“போலீசா? நானா? யார் சொன்னது?”

“லயத்துல எல்லாரும்தான் பேசிக்கிறாங்க. படிச்ச பொண்ணு எதுக்கு எங்க சாக்கடத் தண்ணிய எடுத்துக் காச்சுதுன்னு. வேவு பாக்க வந்திருக்குன்னு.”

“அப்படி இருந்தா உங்ககிட்ட ஒத்துக்குவேனா?” என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகும் என்னை முழுக்க நம்பினாள் என்று சொல்லமாட்டேன். ஆனால் பேச ஆரம்பித்தாள்.

வேலை இப்படித்தான் நடந்தது. உறைந்த பாலைத் தகடாக எடுத்த பிறகு மிஞ்சும் மஞ்சள் தண்ணீரை ஒரு பீப்பாயில் பிடித்து, மறுநாள்வரை அப்படியே விடுவோம். நாற்றம் குடலைப் பிடுங்கும். ஆனால் அதில் கொஞ்சநஞ்சம் இருக்கும் நிஜச் சர்க்கரையைக் கிருமிகள் அதற்குள் தின்று தீர்த்துவிடும். எனக்கு வேண்டிய பொருளை அவை தொடாது. பிறகு தாழியில் ஊற்றிக் காய்ச்சவேண்டும். மேலே பொங்கி வரும் அழுக்கு நுரையை அகப்பையால் எடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். மதியம் தொடங்கினால் பொழுது சாயும்போது பழுப்பு நிறப் பாகு. அதை மாமாவின் ஆஸ்பத்திரியில் வாங்கிய ஸ்பிரிட்டில் சுடவைத்து, துணியில் வடிகட்டி ஆறவிட்டால், மறுநாள் அடியில் வெள்ளையாகப் படிகம் படிந்திருக்கும். நாக்கில் வைத்தால் இனிக்கும். ரசாயனப் பெயர் வாயில் நுழையாது. அஞ்சலை அதற்குப் பால்சீனி என்று பேர் வைத்தாள். நானும் அப்படியே சொல்லத் தொடங்கினேன்.

முதலில் படியும் நல்ல படிகத்தை மட்டும் நான் ஜாடியில் எடுத்துக்கொள்வேன். இரண்டாவதாகப் படிவது சேறுபோல இருக்கும், டாக்டர் பென்டன் கண்டால் முகத்தைச் சுளிப்பார். அதை ஒரு டின்னில் வழித்துப்போட்டு, “கொட்டிட்டுக் கழுவி வைங்க அக்கா,” என்று சொல்லிவிடுவேன். டின் பளபளவென்று கழுவி வரும். அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

நான் போய்க் கொஞ்ச நாளில் லயத்தில் குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை. வயிறு முறுக்கும், ஓடும், மறுநாள் சரியாகிவிடும், பிறகு மறுபடி வரும். மாமா கிணற்று நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னார். நிற்கவில்லை. தண்ணீர்த் தொட்டியில் காட்டுக்காரர்கள் விஷம் கலந்துவிட்டார்கள் என்று துரை தொட்டிக்குக் காவல் போட்டார். லயத்துக்காரர்களோ, காவல் போட்டவனே கலந்துவிட்டான் என்றார்கள். என் அடுப்பைப் பார்த்து ஒரு கிழவர் காறித் துப்பிவிட்டுப் போனார். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். என் ஸ்பிரிட்டோ ஆசிட்டோ எங்காவது ஒழுகி ஓடையில் கலந்துவிட்டதோ என்று தினமும் புட்டிகளை எடுத்துப் பார்த்தேன். அந்தத் தோட்டத்தில் அப்போது யாரையும் சந்தேகப்படாதவர் என்று யாருமே இல்லை.

ஒருநாள் காலை கேட்டில் கூச்சல். நான் ஓடிப் போவதற்குள் அஞ்சலையைக் காவல் கொட்டகையில் உட்காரவைத்துவிட்டார்கள். அவள் கொண்டையிலிருந்து ஒரு முடிச்சு விழுந்திருக்கிறது. காவல்காரன் நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறான். இனிப்பு. அவ்வளவுதான், காட்டுக்குச் சீனி கடத்துகிறாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவள் புருஷன் முனியன் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்துக் கும்பிட்டான். “கப்பலேத்திருவாங்க பாப்பா. புள்ளைங்கள உட்டுட்டு எங்க போவா? இந்தத் தோட்டத்துலயே பொறந்தவ, ஊரே தெரியாது அவளுக்கு.” அவன் சொன்னது மிகையில்லை. சீனி கொடுத்ததாகப் பிடிபட்டவர்களை விசாரணையே இல்லாமல் அடைத்துப்போட்டதும், பிறந்த மண்ணைவிட்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றியதும் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

முடிச்சில் இருந்தது என் டின்னில் இருந்த சேறுதான் என்று பார்த்தவுடன் நினைத்தேன். ஆனால் என் வியாதி என்னை விடவில்லை. நிஜச் சீனியையும் அதில் கலந்திருக்கிறாளோ? என்னை மறைப்பாக வைத்துக்கொண்டு உண்மையிலேயே காட்டுக்குக் கொடுக்கிறாளோ? அவளைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

அன்று மதியத்துக்குள் துரையின் ஆபீசுக்குக் கோலாலம்பூரிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். என்ன பதவி என்று யாரும் சொல்லவில்லை. மெல்லிய குரல், சுத்தமான நகங்கள். அஞ்சலை, அவள் பக்கத்தில் மாமா, மேசைக்கு அந்தப் பக்கம் துரை. இது சீனி இல்லை என்று நான் இங்கிலீஷில் சொன்னேன். “அதை எப்படி நான் நம்புவது?” என்று கேட்டார் அதிகாரி. என் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னேன்.

துரையின் டீ மேசையிலிருந்து ஒரு கரண்டிச் சீனியை எடுத்து ஒரு குழாயில் போட்டேன். முடிச்சில் இருந்ததை முழுதும் ஒரு தட்டில் கொட்டி, நன்றாகக் கலந்து, அதிலிருந்து அதே அளவு இன்னொரு குழாயில். ஒரு மூலையில் சீனி ஒளிந்திருந்தாலும் அது இப்போது என் குழாய்க்கு வந்துவிடும். இரண்டிலும் தண்ணீர், ஒரு சொட்டு ஆசிட். ஸ்பிரிட் விளக்கில் கொதிக்கவைத்து, சோடா போட்டு ஆசிட்டை முறித்தேன். பிறகு நீலப் புட்டியையும் நிறமில்லாப் புட்டியையும் சம அளவில் கலந்து இரண்டிலும் ஊற்றி மறுபடி சூடாக்கினேன். துரையின் சீனி முதலில் பச்சையாகி, பிறகு மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் அடியில் படிந்தது. அஞ்சலையின் குழாயை விளக்கின் மேல் பிடித்துக்கொண்டே இருந்தேன். விரல் சுட்டது. அது நீலமாகவே இருந்தது.

“சரி, சீனி இல்லை,” என்றார் அதிகாரி. “அப்படியானால் விஷமா? இதைக் கொண்டையில் ஒளித்துவைப்பானேன்?”

அஞ்சலையிடம் தமிழில் கேட்டேன். அவள் தலை நிமிரவில்லை.

“நீங்க கொட்டச் சொன்னதத்தான் பாப்பா எடுத்தேன். புள்ளைங்க கோப்பி கசக்குதுன்னு அழுதுச்சுங்க. பக்கத்து வூட்டுக்கும் கொஞ்சம் குடுத்தேன். காட்டுல போயி நாங்க குடிக்கிற கோப்பில போட்டுக்கலாம்னு இன்னிக்கு முடிஞ்சு வெச்சேன். வேற யாருக்கும் குடுக்கல. சாமி சத்தியமா.”

மாமா சட்டென்று நிமிர்ந்தார். “எப்பலேர்ந்து குடுக்கிற?” அவள் சொன்னாள். மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார். குழந்தைகளின் வயிற்றோட்டம் தொடங்கிய நாள் அதுதான். அந்தப் பொருளை உடம்பு ஏற்காது. நாக்குக்கு இனிப்பு, வயிற்றுக்குப் பேதி மருந்து என்றார் மாமா. அஞ்சலைக்கு விஷயம் புரிந்ததும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுத அழுகையை என்னால் பார்க்க முடியவில்லை. மாத்தா பிடித்தபோதுகூட அவள் அழவில்லை.

எல்லாம் தெளிந்துவிட்டது, விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். மாமா சொன்னதை நான் இங்கிலீஷில் மொழிபெயர்த்தபோது அந்த அதிகாரியின் கண் மட்டும் மாறியது. அஞ்சலையைக் கோல சிலாங்கூர் ஸ்டேஷனுக்கு லோரியில் ஏற்றச் சொல்லிவிட்டார். முனியன் லோரிக்குப் பின்னால் கேட்வரை ஓடினான்.

இரண்டு நாள் கழித்து அதிகாரி தனியாக ஸ்டோருக்கு வந்தார். என் தாழியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு வாரத்துக்கு எவ்வளவு எடுக்கமுடியும் என்று கேட்டார். எதற்கு என்றேன்.

“பசியில் இருப்பவன் இனிப்பைக் கண்டால் விடமாட்டான்,” என்றார். “மிட்டாயாகச் செய்து, காட்டு ஓரத்துப் பாதைகளில் விட்டுவைத்தால் போதும். வயிறு ஓடுகிறவன் நடக்கமாட்டான். நடக்காதவனைப் பிடிப்பது சுலபம். உங்களுக்குக் கோலாலம்பூரில் ஒரு நல்ல பரிசோதனைக்கூடம் தருகிறோம், பெண்ணே. படிக்கும்போதே இப்படி ஒரு வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்?”

“காட்டு ஓரத்தில் குழந்தைகளும் நடக்கிறார்களே. விறகு பொறுக்க வருகிறவர்கள், பூர்வகுடிகள்?”

“அது எங்கள் கவலை.”

“அஞ்சலை?”

“நீங்கள் உதவினால் அவள் வீட்டுக்குப் போவாள். இல்லாவிட்டால் விசாரணை நீளும்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தாழியை அவர் மேல் கவிழ்த்திருப்பேன். பயத்தில் கவிழ்க்கவில்லை. மறுத்தால் அஞ்சலை கப்பலில். ஒத்துக்கொண்டால் இன்னும் எத்தனை குழந்தைகளோ. துரையையும் வைத்துக்கொண்டு பேசலாம் என்று மட்டும் சொன்னேன். எந்தக் கணக்கையும் இரண்டு முறை பார்க்கும் மனுஷர் அவர் என்பது எனக்குத் தெரியும்.

துரை முன்னால் என் ஆராய்ச்சியைப் பற்றி ஒரு வகுப்பே எடுத்தேன். ஒரு தாழி காய்ச்ச எவ்வளவு விறகு, எத்தனை மணி நேரம் ஒரு ஆள் கிளறவேண்டும், எவ்வளவு ஸ்பிரிட், கடைசியில் கிடைப்பது எவ்வளவு என்று சொல்லிக்கொண்டே போனேன். கிடைப்பதற்கு, ஆரம்பத்தில் பழகாமல் தீயவிட்ட தாழிகளின் சொற்ப அளவைத்தான் சொன்னேன். சொன்ன அத்தனையும் உண்மை. எதைச் சொல்வது என்று நான் பொறுக்கி எடுத்துக்கொண்டேன். அதிகாரி கேட்கும் அளவுக்குச் செய்யவேண்டுமென்றால் ஸ்டோரில் புகைமூட்டும் விறகு பூராவும் என் அடுப்புக்கு வேண்டும், தகடு காயவைக்க ஒன்றும் மிஞ்சாது என்று முடித்தேன்.

துரையின் முகம் சிவந்தது. “இந்த விறகு யாருடையது?” என்று அதிகாரியைப் பார்த்துக் கேட்டார். “எனக்கு ஏற்கெனவே ஆள் போதவில்லை. என் பால் வெட்டுக்காரி ஒருத்தி, சாக்கடைக்குப் போகிற கழிவை எடுத்ததற்காக உங்கள் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் மரங்கள் வெட்டாமல் கிடக்கின்றன. அது உணவே இல்லை என்று என் கண் முன்னாலேயே நிரூபித்தாயிற்று. அவளைத் திருப்பி அனுப்புங்கள்.” அவருக்கு அஞ்சலைமேல் அன்பும் இல்லை, இரக்கமும் இல்லை. மரங்கள் கிடக்கின்றனவே என்ற எரிச்சல்தான். அந்த எரிச்சலை அன்றைக்கு நான் கும்பிட்டேன்.

அஞ்சலை வந்து சேர்ந்துவிட்டாள். ஆனால் நான் சேர்த்து வைத்திருந்த பால்சீனி ஜாடியை அதிகாரி கையோடு எடுத்துப் போய்விட்டார். அதை என்ன செய்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பல வருடங்களுக்கு, பத்திரிகையில் எங்காவது குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் என்று படித்தால் எந்த ஊர் என்று முதலில் பார்ப்பேன்.

துரை என் அடுப்பை மூடச் சொல்லிவிட்டார். நான் கிளம்பும் நாளில் அஞ்சலை ஒரு குவளை வரக்கோப்பியோடு வந்தாள். நான் வாங்கிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

“ஒண்ணும் போடல பாப்பா. பயப்படாம குடிங்க,” என்றாள். கசப்பைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

சிங்கப்பூரில் டாக்டர் பென்டனிடம் நான் எழுதியதைக் கொடுத்தேன். நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னேன். அவர் குழாயைக் கேட்கவில்லை, வெளிச்சத்தில் எதையும் பிடித்துப் பார்க்கவில்லை. தாள்களை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். கண்ணாடியைக் கழற்றி, டையால் துடைத்து, துடைத்துக்கொண்டே இருந்தார். எப்போதும் வரும் அந்த ஒரு வார்த்தைக்காக நான் நின்றுகொண்டிருந்தேன். குமரேசா, நீ கேட்டதற்குப் பதில் அவர் அன்று சொன்னதுதான். என் தாள்களை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

“இதை மட்டும்,” என்றார், “மறுபடி செய்யாதே.”